பெடல் காருக்கு சைக்கிள் வீல் போதுமா?

போதாது. அவசரத்துல இருக்கிறவங்க இதோட போயிட்டு வாங்க :-)

வீட்டுலயே நாலு சக்கர பெடல் வண்டி செய்யற கிறுக்கு என்னை மாதிரி சிலருக்கு உண்டு. புதுசு ஒண்ணும் இல்லை. பிரான்ஸ்ல சார்ல் மோஷே 1920கள்லயே தன் பையனுக்காக ஒண்ணு செஞ்சார். அதுதான் அப்புறம் பெரியவங்க ஓட்டுற 'வெலோகார்' ஆச்சு.

நான் தென்காசில செஞ்ச வண்டிக்கு நாலும் 28 இஞ்ச் சைக்கிள் வீல். பெரிய வீல் குண்டுகுழில சுலபமா உருளும், டயர் டியூப் எங்கயும் கிடைக்கும்னு கணக்கு. போன சாரல் சீசன்ல அக்கா மகனைப் பக்கத்துல உட்கார வச்சு இலஞ்சி வழியா குற்றாலம் கிளம்பினேன். ஒரு வளைவுல முன் வீல் ஒண்ணு அப்பளம் மாதிரி மடங்கிருச்சு. பையனுக்கு முழங்கைல சிராய்ப்போட போச்சு. எதிர்ல பஸ் வந்திருந்தா? நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

சைக்கிள் கடை அண்ணாச்சி வீலைப் பார்த்துட்டு, "இது கோட்டம் எடுத்தாலும் நிக்காது தம்பி. சைக்கிள் வளையும்போது சாயும்லா, ஒங்க வண்டி சாயாதுல்லா"ன்னார். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிச்ச எனக்கு இது தோணலை. (அப்புறம் ஏன் சாஃப்ட்வேர்ல இருக்கேன்னு கேக்காதீங்க.)

சைக்கிள் சாயறதால பாரம் எப்பவும் ரிம்மோட நேர்வாக்குலயே இறங்கும். கம்பிகள் அதுக்குத்தான் பலம். சாயாத வண்டில பக்கவாட்டு இழுப்பு முழுசும் வீல் மேல. ஆளோட சேர்த்து 190 கிலோ, 15 கிலோமீட்டர் வேகம், 5 மீட்டர் ஆர வளைவுன்னா சுமார் 65 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு, அதுல பெரும்பங்கு வெளிப்பக்க ரெண்டு வீலுக்கு. வீல் உசரம் கூடக்கூட நெம்புகோலும் நீளம். அதனால என் ஓட்டு 20 இஞ்ச் வீலுக்கு, 36 கம்பி. பள்ளத்துல கொஞ்சம் தூக்கிப் போடும், பரவாயில்லை.

ஆனா நிஜ வில்லன் ஹப். சைக்கிள்ல அச்சை ரெண்டு பக்கமும் ஃபோர்க் பிடிச்சிருக்கு. நம்ம வண்டில முன் வீல் ஒரு பக்கமாத் தொங்குது. முன் அச்சு 8 மி.மீ. தான், வளையாம என்ன செய்யும்? விட்டம் ரெண்டு மடங்கானா வளைவைத் தாங்கற பலம் எட்டு மடங்கு. 15 மி.மீ. அச்சு போட்டாலே ஆறு மடங்குக்கு மேல வந்துரும். அதுக்கு 6202 பேரிங் சரியா உட்காரும், சீலிங் ஃபேன்ல இருக்கிற அதே நம்பர்தான். ஹப்பை லேத் பட்டறைல கடைஞ்சு வாங்கிக்கலாம். ஒரு ஹப்புக்கு ரெண்டு பேரிங், முடிஞ்ச அளவு தள்ளித் தள்ளி.

மொபெட் வீலையே மாட்டுன்னான் நண்பன் ஒருத்தன். பலம்தான். ஐந்தருவி ஏத்தத்துல அந்த எடையை மிதிக்கப்போறது அவன் இல்லையே!

இப்போ முன் வீல் ரெண்டும் தயார். பையன் உட்காரப் போற இடத்துல முதல்ல ரெண்டு அரிசி மூட்டையை வச்சு அதே வளைவுல ஓட்டிப் பார்க்கணும். அக்கா இன்னும் என்கிட்ட பேசலை.