மாத்திரைக்கு முன் ஒரு சோதனை

வெயில் ஏறினால் திருச்சியில் நீர்க்கடுப்பும் கூடவே வந்துவிடும். 'உடம்புச் சூடு' என்று நீர்மோரும் பார்லிக் கஞ்சியும் குடித்துப் பார்ப்பார்கள். அடங்காவிட்டால் பாலக்கரையானாலும் ஸ்ரீரங்கமானாலும் பலர் அடுத்து நாடுவது தெருமுனை மருந்துக் கடையைத்தான். எரிச்சலுக்குக் காரணம் கிருமியா, தண்ணீர்க் குறைவா, கல்லா என்று பார்க்காமலே ஆன்டிபயாடிக் உள்ளே போகிறது. எரிச்சல் தணிந்ததும் பாதியில் நின்றும் விடுகிறது. சிறுநீரைச் சோதிக்காமல் மாத்திரை தொடங்கும் இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். அதற்கு, பயோமார்க்கர் எனப்படும் உயிர்க்குறியீட்டுச் சோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையம் வரை வந்தாக வேண்டும்.

இப்படிக் கண்டபடி ஆன்டிபயாடிக் எடுத்தால் கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகும். இதைத் தடுப்பதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. கார்பபெனெம் போன்ற கடைசிக்கட்ட மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 நொதி, டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் சிறுநீர்த் தொற்றுக் கிருமியில்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. அந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. மறு ஆண்டே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வு, சென்னையில் சேகரித்த கிருமிகளில் 44இல் அதைக் கண்டது. 2012இல் மருத்துவர்களின் சென்னைப் பிரகடனம் இந்த ஆபத்தைப் பற்றி எச்சரித்தது. செஃபிக்சிம் உள்ளிட்ட பல ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் எச்1 அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்தும் பழக்கம் போகாததற்குக் காரணம், நோயாளியின் அவசரத்துக்கு ஈடுகொடுக்கும் சோதனை அருகில் இல்லாததுதான்.

கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முழு முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். எரிச்சலில் தவிப்பவர் அதுவரை பொறுக்க மாட்டார். அந்த இடைவெளியை நிரப்பக் கூடியவை உயிர்க்குறியீடுகள். சிறுநீரில் நனைக்கும் பட்டை, வெள்ளணுக்கள் விடும் எஸ்டரேஸ் நொதியையும் கிருமிகள் உண்டாக்கும் நைட்ரைட்டையும் சில நிமிடங்களில் காட்டிவிடும். அடுத்த தலைமுறைக் குறியீடுகளில் ஒன்று என்கால் என்னும் புரதம். கிருமிக்குத் தேவையான இரும்புச்சத்து அதற்குக் கிட்டாமல் தடுக்க உடலே சுரப்பது அது. முதியோர், சர்க்கரை நோயாளிகள், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டோர் பலரிடம் அறிகுறி எதுவுமின்றியே கிருமி குடியிருக்கும். கல்ச்சர் அதை எண்ணிச் சொல்லும். உடல் அதை எதிர்த்துப் போராடுகிறதா என்பதை என்கால் போன்ற குறியீடுகள் சுட்டிக்காட்டக் கூடும். மருந்து வேண்டுமா என்று முடிவெடுக்க அது உதவும்.

இவற்றை நம்பலாமா என்ற கேள்வி நியாயமானது. நைட்ரைட் உருவாகச் சிறுநீர் சில மணி நேரம் பையில் தங்க வேண்டும். என்டிரோகாக்கஸ் அதை உண்டாக்குவதே இல்லை. சிறுநீரகம் பழுதுபட்டாலும் என்கால் ஏறும். எனவே எந்தக் குறியீடும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்லாது. நோயாளி சொல்லும் அறிகுறிகளோடு சேர்த்தே படிக்க வேண்டும். காத்திருந்தால் ஆபத்தில்லையா என்றும் கேட்பார்கள். 2015இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், சாதாரண நீர்க்கடுப்புக்கு முதலில் ஐபுபுரூஃபென் என்ற வலி மருந்து மட்டும் பெற்ற பெண்களில் சுமார் மூன்றில் இரு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் முதலிலேயே ஆன்டிபயாடிக் பெற்றவர்களைவிட, ஐபுபுரூஃபென் பெற்றவர்களில் கூடுதலான சிலருக்குத் தொற்று சிறுநீரகம் வரை ஏறியது. யார் பொறுக்கலாம், யார் பொறுக்கக் கூடாது என்று பிரித்தறிவதே இங்கு முக்கியம்; குறியீடுகளின் பயனும் அதுதான். கர்ப்பிணிகள், காய்ச்சல் கண்ட குழந்தைகள், குளிர் நடுக்கத்தோடு விலாவில் வலிப்பவர்கள் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

செலவு பெரிய தடையல்ல. பட்டைச் சோதனை மலிவானது; அதை இன்றே எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உறுதிசெய்யலாம். வீடு தேடிச் சர்க்கரை பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள், எரிச்சல் சொல்லும் நோயாளியை அங்கே அனுப்பலாம். புத்தூர் அரசு மருத்துவமனையின் கல்ச்சர் முடிவுகளை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட்டால், எந்த மருந்து இந்த ஊரில் இன்னும் வேலை செய்கிறது என்று திருச்சி மருத்துவர்கள் அனைவருக்கும் தெரியும். புதிய குறியீடுகளை நம் நோயாளிகளிடமே சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும். வாசகர்களிடம் வேண்டுவது ஒன்றுதான்: அடுத்த முறை நீர்க்கடுப்பு வந்தால், மாத்திரையைக் கேட்கும் முன் சிறுநீரைச் சோதிக்கக் கொடுங்கள்.