பைக்கை ஏத்திட்டுப் போறவன் பைக்கர் இல்லையா?

"பைக்கை ரயில்ல போட்டுட்டு நாம பெர்த்துல குறட்டை விட்டுட்டுப் போறதா? அதுக்குப் பேரு ரைடா?"

எங்க ஆபீஸ் பைக் கோஷ்டியில மாசத்துக்கு ஒரு தடவையாவது இந்த டயலாக் வந்துடும். சொல்றவர் பெரும்பாலும் புல்லட் வச்சிருக்கற சீனியரா இருப்பார். கேட்கறவன் பெரும்பாலும் போன வருஷம் காலேஜ் முடிச்சு, 125 சிசி வண்டிக்கு இன்னும் டியூ கட்டிட்டிருக்கற பையனா இருப்பான். இந்தப் பதிவு அந்தப் பையனுக்காக. சீனியர்கள் படிச்சா சந்தோஷம், படிக்காட்டி இன்னும் சந்தோஷம் :-)

சண்டை என்னமோ உலகம் பூரா இருக்கறதுதான். அமெரிக்காவுல ஸ்டர்ஜிஸ்னு ஒரு ஊர், தெற்கு டகோட்டா மாநிலம். 1938-ல இருந்து அங்க மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்குது. ஆயிரம் மைல் தாண்டி இருக்கறவங்க ஹார்லியை ட்ரெய்லர்ல ஏத்தி, காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துட்டு வந்து, ஊர் எல்லையில இறக்கி, தூசி தட்டி, 'டுப் டுப்'னு உள்ள நுழைவாங்களாம். ஓட்டிட்டே வந்தவங்க "நான் ஓட்டிட்டு வந்தேன்டா"னு டி-ஷர்ட்டே போட்டுக்கிட்டு அலைவாங்க. அந்த நக்கல்தான் யூட்யூப் வழியா நம்ம ஊருக்கும் இறக்குமதி ஆகியிருக்கு.

ஆனா நம்ம ஊர்ல கார் பின்னாடி ட்ரெய்லர் கட்டறது நடக்கற காரியமா? மோட்டார் வாகனச் சட்டப்படி ட்ரெய்லரும் ஒரு வண்டிதான், அதுக்குத் தனியா பதிவு வேணும். அதைவிடப் பெரிய கேள்வி, அதை எங்க நிறுத்துவீங்க? ஃபிளாட்ல காருக்கே இடம் இல்லாம செகரட்டரி கூட மல்லுக்கட்டிட்டு இருக்கோம். அதனால நம்மாளுக்கு ட்ரெய்லர்னா ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு ரயில், இன்னொண்ணு குட்டியானை. இந்த ரெண்டும் ஒண்ணு இல்லைங்கறதுதான் என்னோட கட்சி.

பேச ஒரு உதாரணம் வேணுமே, நம்ம பெரும்பாறையையே எடுத்துக்கறேன். பழனி மலையோட கீழ் அடுக்குல, தாண்டிக்குடிக்குப் போற வழியில இருக்கற ஊர். கொடைக்கானல் கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவா எட்டிப் பார்க்காது. திண்டுக்கல்லுல இருந்து செம்பட்டி, சித்தையன்கோட்டை, சித்தரேவுனு போய் மலை ஏறணும். ஏறி முடிச்சா பெரும்பாறை, பக்கத்துல புல்லாவெளி அருவி, அப்புறம் தடியன்குடிசை, தாண்டிக்குடி. இன்னும் போனா பண்ணைக்காடு வழியா கொடைக்கானல் மெயின் ரோட்டைப் பிடிக்கலாம். கூட்டமில்லாத ரோடு, ஆனா குறுகல். எதிர்ல வாழைத்தார் ஏத்தின ஜீப் வந்தா யாராவது ஒருத்தர் ஒதுங்கித்தான் ஆகணும். அந்த ஒருத்தர் நீங்கதான், அதுல சந்தேகம் வேண்டாம்.

சென்னையில இருந்து திண்டுக்கல் சுமாரா 420 கிலோமீட்டர். கோஷ்டியோட வழக்கமான திட்டம் என்ன? வெள்ளிக்கிழமை ஸ்டேட்டஸ் கால் முடிச்சு, ஒன்பது மணிக்குப் பெருங்களத்தூர்ல கூடி, ராத்திரி பூரா ஓட்டி, விடியக்காலை திண்டுக்கல்லுல டீ குடிச்சு, நேரா மலை ஏறறது. சராசரி அறுபதுல போனாலே ஏழு மணி நேரம். டீ, டயர், ஒருத்தன் பின்தங்கிட்டான், இன்னொருத்தன் பையைக் கட்டின கயிறு அவுந்துடுச்சுனு சேர்த்தா ஒன்பது ஆயிடும். அஞ்சு நாள் ஏசியில உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கிட்ட உடம்பு, காலையில ஏழு மணியில இருந்து முழிச்சிட்டிருக்கற உடம்பு, மறுநாள் காலை ஆறு மணிக்குக் கொண்டை ஊசி வளைவு எடுக்கணும்னா எப்படிங்க?

கணக்கு நமக்குப் புதுசு இல்லையே. அறுபதுல போற வண்டி ஒரு செகண்டுக்கு 16 மீட்டருக்கு மேல ஓடும். விடிகாலை மூணு, நாலு மணிக்கு மூணே செகண்ட் கண்ணு சொருகினா அம்பது மீட்டர் போயாச்சு, ஓட்டுநர் இல்லாமலே. நாலு வழிச்சாலையில அந்த அம்பது மீட்டருக்குள்ள விளக்கு இல்லாம ஓரமா நிக்கற லாரி இருக்கா இல்லையாங்கறது உங்க கையில இல்ல. ஹைவேயில தப்பிச்சா, அதே கண்ணோட சித்தரேவு தாண்டி ஏத்தம்.

பெரும்பாறை டீக்கடையில ஒரு ஜீப் டிரைவர் அண்ணன் கிட்ட பேச்சுக் கொடுத்தேன்.

"எங்கிருந்து தம்பி, மெட்ராஸா? வண்டியிலயேவா வந்தீங்க?"

"இல்லண்ணே. திண்டுக்கல் வரைக்கும் ரயிலு, அங்கிருந்து வண்டி."

"அதான் மூஞ்சி தெளிவா இருக்கு. சனிக்கிழமை காலையில வர்ற பயலுகளைப் பார்க்கணுமே. வளைவுல ஹாரன் அடிக்க மாட்டான், நேரா நம்ம பக்கமே வந்து நிப்பான். திட்டினா முழிக்கிறான். நான் என்ன பண்ணுவேன் சொல்லுங்க, வண்டியில பின்னாடி பள்ளிக்கூடத்துப் பிள்ளைக இருக்கு."

இதுக்கு எங்க சீனியர்கிட்ட பதில் இருக்கான்னு தெரியல. ஓட்டிட்டு வந்த பெருமை ஓட்டினவனுக்கு, ரிஸ்க் ஜீப்புல இருக்கற பிள்ளைங்களுக்கா?

"பகல்ல ஓட்டேன்"னு கேட்பீங்க. தாராளமா. வெள்ளிக்கிழமை லீவு போட முடிஞ்சா, திருச்சியில ஒரு ராத்திரி தூங்கிட்டுப் போக முடிஞ்சா, அதைவிட நல்லது ஒண்ணும் இல்ல, நானே கூட வர்றேன். ரெண்டு நாள் லீவுல போயிட்டுத் திங்கக்கிழமை ஸ்டாண்டப் மீட்டிங்குக்கு வந்தாகணும்கறவனுக்குத்தான் நான் ரயிலைச் சொல்றேன். நம்மள்ல முக்காவாசிப் பேரு அவன்தானே?

ரயில்ல போடறதும் சும்மா இல்லீங்க. டிக்கெட்டோட லக்கேஜா போடலாம், நாம போகாம தனியா பார்சலாவும் போடலாம். ஆர்.சி. நகல், அடையாள அட்டை நகல் வேணும். டேங்கைச் சுத்தமா வடிச்சிடணும். சாக்கு சுத்திக் கட்டி, பேரும் ஊரும் எழுதணும். கண்ணாடியைக் கழட்டிப் பையில வச்சுக்கறது புத்திசாலித்தனம். லக்கேஜா போட்டாலும் நாம போற அதே ரயில்ல வண்டியும் வந்தே தீரும்னு நம்பாதீங்க, இடம் இருந்தாத்தான் ஏத்துவாங்க. அதனால ரெண்டு மூணு நாள் முன்னாடியே பார்சலா அனுப்பிடறது மேல். மேப்புல பார்த்தா கொடை ரோடும் வழியிலதானே இருக்குன்னு தோணும். ரயில் நிக்கற கொஞ்ச நேரத்துல நூத்தம்பது கிலோ வண்டியை யாரு இறக்கறது? திண்டுக்கல்தான் சரி. இறங்கினதும் பெட்ரோல் பிரச்சினை ஒண்ணு இருக்கு. டேங்க் காலி, பாட்டில்ல கொடுக்க மாட்டாங்க. பக்கத்து பங்க் வரைக்கும் தள்ளிட்டுப் போகணும். அதையும் எக்சர்சைஸ்னு எடுத்துக்கலாம், நமக்கும் தொப்பை விழுது.

கொடைக்கானலுக்கு இது ஒண்ணும் புது ஃபார்முலா இல்ல. 1875-ல கொடை ரோடு ஸ்டேஷனுக்கு ரயில் வந்துச்சு. அப்போ காட் ரோட்டுல மோட்டார் ஓடல. அதுக்கு இன்னும் நாப்பது வருஷம் பக்கம் ஆச்சு. துரைமாருங்க ரயில்ல வந்து இறங்கி, மாட்டு வண்டியில பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு வரைக்கும் போய், அங்கிருந்து குதிரையில, இல்லாட்டி டோலியில மேல போனாங்க. ஒருத்தரையாவது "நீங்கள்லாம் உண்மையான குதிரைக்காரரா"னு எவனாவது கேட்டிருப்பானா? டோலியில போனவரைக் கேட்டிருக்கலாம். நாலு பேர் தோள்ல உட்கார்ந்து மலை ஏறினதுதான் அசல் ட்ரெய்லர் கேஸு.

அந்த டோலிதான் இன்னிக்குக் குட்டியானை. இப்ப ஒரு புதுப் பழக்கம் பார்க்கறேன். கீழேயே குட்டியானை பிடிச்சு, மூணு வண்டியை ஏத்தி, தங்கற இடம் வரைக்கும் கொண்டு போயிடறாங்க. அங்க இறக்கி பத்து கிலோமீட்டர் சுத்தி, நாலு ரீல்ஸ் எடுத்துட்டு மறுபடி ஏத்திடறாங்க. இதை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. பெருமைப் பிரச்சினை இல்லீங்க. மூணு புல்லட்டுன்னா அறுநூறு கிலோ கிட்ட வரும், உயரமான சுமை, குறுகலான வளைவு. கயிறு கொஞ்சம் தளர்ந்தா என்ன ஆகும்? எனக்குத் தெரிஞ்ச ஒரு வண்டி ஹேண்டில் வளைஞ்சு இறங்குச்சு. சைடு ஸ்டாண்டுல நிறுத்திக் கட்டியிருந்தாங்க, அந்த டிரைவரைச் சொல்லி என்ன பிரயோஜனம், வீட்டுச் சாமான் ஏத்தற மனுஷன் அவர்.

அதைவிட முக்கியமான காரணம், ஏறும்போது ரோடு நமக்குப் பாடம் நடத்துது. எந்த வளைவுல மண்ணு சரிஞ்சு கிடக்கு, எங்க ஊத்துத் தண்ணி ரோட்டுல ஓடி பாசி பிடிச்சிருக்கு, எந்தத் திருப்பத்துல எதிர்ல வர்றது தெரியாதுனு ரெண்டாவது கியர்ல ஏறறவனுக்குத் தெரியும். இறங்கும்போது அதே ரெண்டாவது கியர்ல இன்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும், பிரேக் சூடாகாது. குட்டியானையில தூங்கிட்டு மேல போய், சாயங்காலம் மட்டும் ஆசைக்கு ஓட்டி இறங்கறவனுக்கு அந்த ரோடு அன்னிக்குத்தான் முதல் தடவை. இருட்டினப்புறம் காட்டெருமையும் யானையும் நடமாடற பக்கம் வேற.

ருசின்னு ஒண்ணும் இருக்கே. சித்தையன்கோட்டை வரைக்கும் வெயிலு, தென்னை. ஏற ஏற சட்டைக்குள்ள காத்து மாறும். சில்வர் ஓக் மரத்துல மிளகுக்கொடி, கீழ காப்பிச்செடி. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டா ஒரு ஈர வாசனை. பைக்ல போறதே இந்த ஒரு மணி நேரத்துக்குத்தானே? உளுந்தூர்பேட்டை டோல்கேட்டுக்காக யாராவது பைக் வாங்குவானா?

அந்த 125 சிசி பையன் எங்கிட்ட தனியா வந்து, "அண்ணா, ரயில்ல போட்டா கலாய்ப்பாங்களா?"ன்னு கேட்டான். கலாய்ப்பாங்கடா, கண்டிப்பா கலாய்ப்பாங்கன்னு சொன்னேன். போட்டான். கலாய்ச்சாங்க. மலை ஏறும்போது கோஷ்டியில முன்னாடி போனது அவன்தான். ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்த ரெண்டு பேரு பெரும்பாறை வந்ததும் ரூமைத் தேடிப் போய்ப் படுத்தவங்க, புல்லாவெளி அருவியை போட்டோவுலதான் பார்த்தாங்க.

டிஸ்கி: அப்படியே கொடைக்கானல் வரைக்கும் நீட்டற ஐடியா இருந்தா, வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் கொண்டுவந்தாங்க. 2025 சீசன்ல வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறுல 6,000-னு ஐகோர்ட் உச்சவரம்பும் வச்சுது. கிளம்பறதுக்கு முன்னாடி அன்னிக்கு நிலவரம் என்னன்னு பார்த்துக்குங்க.