நெய்வேலியிலிருந்து சென்னைக்கு 12 நிமிடமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், ஊருக்குப் போகவேண்டும் என்றதும் முதலில் செய்வது, இரண்டு ஊர்களின் பெயரை டைப் செய்து என்டர் தட்டுவதுதான். எத்தனை கிலோமீட்டர், விமானத்தில் எவ்வளவு நேரம் என்று உடனே விடை வந்துவிடும். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்று அதை நம்பி லீவு போடுகிறவர்களும் உண்டு. தூரத்தை நம்பலாம்; நேரத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதுதான் என் கருத்து.

நெய்வேலியையே எடுத்துக் கொள்வோம். சென்னைக்குச் சாலை வழியே சுமார் 200 கி.மீ. தூரம் கணக்கிடும் வெப்சைட்டில் பார்த்தால் சுமார் 170 கி.மீ.தான் வரும். இரண்டும் சரியே. வெப்சைட்டுக்குப் பண்ருட்டியும் தெரியாது, விழுப்புரமும் தெரியாது. இரு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிடுகிறது.

சிக்கல் அடுத்த வரியில் இருக்கிறது. அந்தத் தூரத்தை ஜெட் விமானத்தின் வேகத்தால் வகுப்பார்கள். மணிக்கு 850 கி.மீ. என்று வைத்தால் 12 நிமிடம்! சில வெப்சைட்டுகள் ஏறி இறங்க அரை மணி நேரம் சேர்க்கும். சில அதையும் சேர்ப்பதில்லை. அப்படி ஒரு விமானம் போகிறதா என்பதை இந்த வகுத்தல் கணக்கு பார்ப்பதே இல்லை. நெய்வேலியில் ஓடுதளம் உண்டு. என்.வி.ஒய். என்ற சர்வதேசக் குறியீடும் உண்டு. 2017-ல் உடான் திட்டப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஆனால் ஓடுதளம் இருப்பது வேறு, டிக்கெட் கிடைப்பது வேறு.

விமானம் போகும் ஊர்களுக்கும் இந்தக் கணக்கு உதைக்கும். சென்னை - டில்லி சுமார் 1,760 கி.மீ. வகுத்தால் இரண்டு மணி நேரம் சொச்சம். விமான அட்டவணையிலோ ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். ஓடுதளம்வரை ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்க முறை வரும்வரை வட்டமிடுவது எல்லாம் அதில் அடக்கம்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ராஜஸ்தானில் பிகானேர் அருகே பர்சிங்சரில் என்.எல்.சி.க்குச் சுரங்கமும் மின் நிலையமும் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் மகனைப் பார்க்க வயதான பெற்றோர் நெய்வேலியிலிருந்து கிளம்புகிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். கணக்குப்படி 1,900 கி.மீ.க்குச் சற்று மேல், இரண்டேகால் மணி நேரம். உண்மையில் சென்னைக்கு நாலைந்து மணி நேரம் பஸ், விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம், பிறகு டில்லி, அங்கிருந்து பிகானேருக்கு இன்னொரு பயணம். ஒரு முழு நாள் போய்விடும். இது தெரியாமல் அடுத்த டிக்கெட்டை நெருக்கமாக எடுத்துவிட்டால் பணமும் போகும், மாத்திரை சாப்பிடும் வேளையும் தவறும்.

வெளிநாடு என்றால் இன்னொரு கவனம் தேவை. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10.00 மணிக்குச் சென்னையில் கிளம்பி 12.30-க்கு துபாயில் இறங்கினால், பயணம் இரண்டரை மணி நேரம் அல்ல, நான்கு மணி நேரம்.

ஆகவே, தூரத்துக்கு வெப்சைட்டைப் பாருங்கள். பறக்கும் நேரத்துக்கு விமான நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். பிறகு எக்ஸெல்லைத் திறந்து பஸ், காத்திருப்பு, விமானம், பெட்டி வாங்குவது, அடுத்த வண்டி என்று வரிசையாகப் போட்டுக் கூட்டுங்கள். வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் வாசல்வரை ஆகும் அந்த நேரத்தை வைத்து லீவு போடுங்கள்.