வரப்பு தாண்டும் நோய்

“காட்டுப்பூனைக்கு வரும் நோய் காட்டோடு போகட்டும், வீட்டுப்பூனைக்கு எதற்குத் தடுப்பூசி?” என்கிறார்கள். பெரம்பலூரிலும் அரியலூரிலும் அந்தக் காடு எங்கே தனியாக இருக்கிறது? கரும்புச் சோகைக்குள் காட்டுப்பூனை குட்டி போடுகிறது. இரவானால் அதே வரப்பில் நம் வீட்டுப்பூனையும் எலி தேடுகிறது.

பூனைகளுக்குப் பான்லூக்கோபீனியா நோயைத் தரும் பார்வோ வகை வைரஸ், நோயுற்ற பூனையின் கழிச்சலோடு மண்ணில் விழுந்தால் மாதக்கணக்கில் சாகாது. குடலையும் வெள்ளணுக்களையும் சிதைத்து, குட்டிகளைச் சில நாட்களிலேயே கொன்றுவிடும்.

நோய் ஓர் இனத்தோடு நிற்பதும் இல்லை. 2018இல் கிர் காட்டில் 20க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மடிந்தன. அவற்றில் சிலவற்றின் உடலில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது. சிங்கத்துக்கே அந்தக் கதி என்றால் காட்டுப்பூனை எம்மாத்திரம்? வீட்டுப்பூனைக்குப் போடும் ஊசி, வயலில் வாழும் வாயில்லா உயிருக்கும் நாம் கட்டும் வேலி.