‘வேண்டாம்’ என்று சொல்லுமுன்…

சுற்றுலா என்ற பேச்சை எடுத்தால், ஆண்பிள்ளையிடம் “எப்போது திரும்புவாய்?” என்று கேட்பார்கள். பெண்பிள்ளையிடம் கேள்வியே இல்லை. ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். எங்கே, யாருடன், எப்படி என்பதெல்லாம் கேட்கப்படுவதே இல்லை. பெற்றோரின் பயத்தில் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பயத்துக்கான மறுமொழி நல்லதொரு திட்டம் என்பதே என் கருத்து. அந்தத் திட்டத்தைப் போகவிருக்கும் மாணவிகளே எழுத வேண்டும் என்பதும் என் கருத்து.

திருகோணமலையை எடுத்துக்கொள்வோம். லிந்துலையின் தேயிலை மலைகளில் வளரும் எங்களுக்கு நுவரெலியாவும் ஹக்கலைப் பூங்காவும் பழகிப்போன இடங்கள். கடலைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்த தோழியர் எங்களிடையே இருக்கிறார்கள். திருகோணமலையோ கடலோர நகரம்; அதன் பெயரிலேயே மலையும் இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மேயும் பாதையால் ஏறினால், சுவாமி மலைப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குவதைக் காணலாம். அதன் உச்சியில் கோணேசர் ஆலயம் உள்ளது. நகருக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன.

இன்னொரு உறவும் உண்டு. லிந்துலையைத் தாண்டித் தலவாக்கலைக்குப் போகும் ஆற்றுநீர் கொத்மலை ஓயாவாகி மகாவலியில் சேர்கிறது. 335 கிலோமீற்றர் நீளமான அந்த நதி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. எங்கள் ஊர் மழை போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க ஆசைப்படுவது ஆடம்பரமா?

சரி, எப்போது போவது? புவியியல் படிப்பவர்களுக்கு இது தெரியும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று எங்கள் மலைகளில் மோதி மழையாகக் கொட்டுகிறது. ஈரத்தை இங்கே இறக்கிவிட்டு மலையைத் தாண்டும் அதே காற்று, கிழக்கில் வறண்ட கச்சானாக வீசுகிறது. ஆகவே நாங்கள் குடை பிடிக்கும் ஆகஸ்டில் நிலாவெளிக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டிசம்பரிலோ வடகீழ்ப் பருவமழையும் கொந்தளிக்கும் கடலும்தான். விடுமுறை கிடைத்தது என்பதற்காக டிசம்பரில் புறப்படுவது திட்டம் ஆகாது.

அடுத்தது பாதை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்லையில், கொழும்பிலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மாணவர்களின் பஸ், வேன் ஒன்றுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதியதில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். அது எங்களுக்கு மிக அருகில் உள்ள இடம். எங்கள் பெற்றோர் பஸ் என்றதும் நடுங்குவது சும்மா இல்லை. ஆகவே திட்டத்தின் முதல் விதி: இரவுப் பயணம் இல்லை. கண்டியிலிருந்து மட்டும் திருகோணமலைக்குச் சுமார் 180 கிலோமீற்றர். ஹபரணைக்கு அப்பால் யானைகள் வீதியைக் கடக்கும். சுபஹ் தொழுததும் புறப்பட்டால், மாத்தளையிலோ கந்தளாயிலோ தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் நின்று, மஃரிபுக்கு முன் போய்ச் சேரலாம். பள்ளிவாசலில் பெண்கள் தொழ இடமுண்டா என்று முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ள வேண்டும். பஸ்ஸின் தடுப்பையும் டயரையும் பரிசோதித்த பிறகே முற்பணம் கட்ட வேண்டும். சாரதி முதல்நாள் இரவு தூங்கினாரா என்று கேட்க யாரும் வெட்கப்படத் தேவையில்லை.

மூன்றாவது தண்ணீர். 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்ததில் பாடசாலைப் பிள்ளைகளும் இறந்துபோனார்கள். மலைநாட்டுப் பிள்ளைகளான எங்களில் நீந்தத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகேறினால் எல்லோரும் உயிர்காப்பு அங்கி அணிய வேண்டும். அங்கி ஒன்று குறைந்தாலும் படகு வேண்டாம். கரையில் முழங்காலளவு நீரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீண்ட அபாயா நனைந்தால் கனத்துக் காலைச் சுற்றிக்கொள்ளும். எனவே உடலை மறைக்கும், நீரில் பாரமாகாத உடை எது என்பதை உம்மாமாரோடு வீட்டிலேயே முடிவுசெய்ய வேண்டும். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்குள்ள பவளப்பாறை உயிருள்ளது; அதன்மேல் கால் வைக்கக் கூடாது. கொண்டுபோன பொலித்தீன் திரும்பி வர வேண்டும்.

நான்காவது பணம். ஜனவரியிலிருந்து மாதாமாதம் சிறிய சீட்டுப் பிடித்தால், ஆகஸ்டில் வாப்பாவிடம் ஒரேயடியாகக் கை நீட்ட வேண்டியதில்லை. கட்ட முடியாத தோழியின் பங்கை யாருக்கும் தெரியாமல் வகுப்பு நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். அவளை விட்டுவிட்டுப் போகும் சுற்றுலா எங்களுக்குத் தேவையில்லை.

‘தனியாக எப்படி அனுப்புவது?’ என்று கேட்பீர்கள். தனியாக அனுப்பச் சொல்லவில்லை. ஆசிரியைகளோடு சில உம்மாமாரும் வரட்டும். மஹ்ரம் அவசியம் என்று கருதும் குடும்பத்திலிருந்து வாப்பாவோ நானாவோ வரட்டும். எங்கள் உம்மாமாரில் எத்தனை பேர் அந்தக் கடலைப் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

‘கலியாணம் முடித்த பிறகு மாப்பிள்ளையோடு போகலாம்’ என்பது இன்னொரு பதில். போகலாம்தான். ஆனால் அதற்கு முன்பே பயணம் எங்களைத் தேடி வரும். உயர்தரப் பெறுபேறு வந்ததும் இசட் புள்ளி எங்களில் ஒருத்தியை ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாம். இன்னொருத்தியைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்துக்கே அனுப்பலாம். பஸ் நேரம் பார்க்கவும், செலவுக் கணக்கு எழுதவும், அந்நிய ஊரில் யாரிடம் வழி கேட்பது என்று தெரிந்துகொள்ளவும் அன்றுதான் முதன்முதலில் பழக வேண்டுமா? அனுமதிக் கடிதம் கையில் கிடைத்த பிறகு, ‘தூரம்’ என்ற காரணத்தால் அதை மடித்து வைக்க நேர்ந்தால், அதுவே பெரிய இழப்பு.

திட்டமிடுவது தவக்குலுக்கு எதிரானதல்ல. எங்கள் கையில் உள்ளதைச் செய்துவிட்டு, மீதியை அல்லாஹ்விடம் ஒப்படைப்பதுதானே முறை.

தோழியரே, அழுது அடம்பிடித்து அனுமதி வாங்க முயலாதீர்கள். நாள், பாதை, வாகனம், உடன் வருவோர், செலவு, அவசரத் தொலைபேசி இலக்கங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள். பெற்றோரே, அந்தத் தாளை வாசியுங்கள். பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்துங்கள். போதாதென்றால் மறுபடி எழுதச் சொல்லுங்கள். வாசித்த பிறகும் ‘வேண்டாம்’ என்றால், ஏன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். வாசிக்காமல் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.