ஒரே பீடத்தின் இரு காசுகள்



காசொன்று கைக்கு வந்தால் அதன் மதிப்பைக் கேட்பது உலக வழக்கு. அதிலுள்ள உருவம் யாருடையது எனக் கேட்டார் நம் ஆண்டவர். பழங்காசு சேகரிப்போர் இவ்விரு வினாக்களையும் எழுப்புதல் நலம்.

இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க் நாட்டை 1803 வரை அதன் பேராயர்களே ஆண்டனர். வரி விதிக்கவும், நீதி வழங்கவும், காசு அச்சிடவும் உரிமை பெற்றிருந்தமையால் அவர்கள் 'இளவரசப் பேராயர்கள்' எனப்பட்டனர். அவர்கள் வெளியிட்ட பெரிய வெள்ளிக்காசின் பெயர் தாலர். போஹீமியாவில், மரியன்னையின் தந்தையாகிய புனித யோவாக்கிமின் பெயர் தாங்கிய பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் பிறந்த பெயர் அது. 'டாலர்' என்பதும் அதன் திரிபே.

1619 முதல் 1653 வரை பேராயராயிருந்த பாரிஸ் லோட்ரோன் வெளியிட்ட தாலரை எடுத்துக்கொள்வோம். எடை ஏறத்தாழ 28 கிராம். ஒருபுறம் திருக்குழந்தையை ஏந்திய அன்னை. சுற்றிலும், அன்னையின் அடைக்கலம் நாடும் தொன்மையான செபத்தின் இலத்தீன் தொடக்கம். மறுபுறம் உப்புக் கலத்துடன் புனித ரூபர்ட். உப்பே அந்நாட்டின் செல்வம். முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவை எரித்த நாள்களில் தம் நாட்டைப் போருக்கு விலக்கிக் காத்தவர் இப்பேராயர். அச்செபம் வெறும் அலங்காரமன்று.

இத்தகைய காசைப் புளியிட்டுத் துலக்கலாகாது. காலம் படியவிட்ட கருமையே அதன் சான்று. விளிம்பையும் உற்று நோக்குக. வளையம் பற்றவைத்த வடு இருந்தால் விலை குறையும். ஆனால் யாரோ ஒருவர் அதை அன்னையின் பதக்கமாகக் கழுத்தில் அணிந்திருந்தார் என்பதை அவ்வடு சொல்லும்.

அதே பீடத்தில் பின்னர் அமர்ந்த பேராயர் ஃபிர்மியனும் தாலர் வெளியிட்டார். அவரே 1731இல், புராட்டஸ்டாண்டு மறையைத் தழுவிய தம் குடிமக்களை நாடு கடத்த ஆணையிட்டார். நிலமற்றோருக்கு எட்டே நாள் தவணை, அதுவும் குளிர்காலம். ஏறத்தாழ 20,000 பேர் வீடிழந்தனர்.

முதற்காசை மட்டும் பேழையில் வைத்து இரண்டாவதை மறைப்பது எளிது. அது சேகரிப்பன்று, புகழ்ச்சி. இரண்டையும் அருகருகே வைத்து, இரண்டின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்வதே நேர்மை. ஆயரின் கோலும் அரசனின் வாளும் ஒரே கையில் இருந்தபோது அக்கை காத்ததும் உண்டு, விரட்டியதும் உண்டு. இன்று அவ்வாள் ஆயர்களின் கையில் இல்லை. அதை இழப்பென்று நாம் எண்ணவில்லை.