ஆல்டர்னேட்டர் சும்மா சுற்றுவதில்லை

வண்டியை ஐடிலில் விட்டு, ஹெட்லைட்டையும் ப்ளோயரையும் பின்கண்ணாடி ஹீட்டரையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு நொடி இன்ஜின் சத்தம் தாழும். உடனே ஈசியூ சுதாரித்துக்கொண்டு பழைய ஆர்பிஎம்முக்குத் தூக்கிவிடும். பட்டறையில் ஆறு மாதம் இருந்த பையனுக்குக்கூட அந்தத் தாழ்வு காதில் பதிந்திருக்கும். இந்த மாத ஆசிரியர் உரை அந்த ஒரு நொடியைப் பற்றியது.

சில வாரங்களுக்கு முன் ஜிகணிப் பக்கம் ஒரு நண்பரின் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். அருகிலுள்ள மெஷின் ஷாப்பில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்து பானெட்டைத் திறந்தார். பேட்டரிக்குப் பக்கத்தில், தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் ஹைட்ரஜன் செல். ஏழு எஸ்எஸ் தகடுகள், 316 கிரேடு, லேசரில் வெட்டியது. இடையில் ரப்பர் கேஸ்கெட், இரு பக்கமும் அக்ரிலிக், மூலைக்கு மூலை போல்ட். அதிலிருந்து ஒரு ஹோஸ் பப்ளர் பாட்டிலுக்கும், அங்கிருந்து ஏர் ஃபில்டருக்கு அப்பால் இன்டேக்குக்கும் போகிறது. வேலை சுத்தமாக இருந்தது. அரை மில்லி பிசகில்லை.

"எவ்வளவு ஆம்ப் இழுக்குது தம்பி?" என்று நண்பர் கேட்டார்.

"அதைப் பார்க்கல சார். ஆல்டர்னேட்டர் எப்படியும் சுத்திக்கிட்டுத்தானே இருக்கு?"

நமக்கு வேண்டிய கேள்வியும் பதிலும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிட்டன.

பெங்களூருவை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில், தண்ணீரிலிருந்து மைலேஜ் தேடும் இந்த ஆசை முளைப்பதில் வியப்பில்லை. ஜிகணி, பொம்மசந்திரா, அத்திப்பள்ளி என்று மூன்று பக்கமும் தொழிற்பேட்டை. துண்டுத் தகடு எடைக்குக் கிடைக்கும், லேசர் கட்டிங் பக்கத்துத் தெருவில், கைவேலை தெரிந்த பையன்கள் வீட்டுக்கு ஒருவர். பெட்ரோல் விலையும் சும்மா இருக்கவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அரசு விற்பனை வரியை உயர்த்தியபோது பெங்களூருவில் லிட்டருக்கு 3 ரூபாய் ஏறி 102.84 ஆனது. இ20 பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்ற புலம்பலும் நாம் தினமும் கேட்பதுதான். அது வெறும் பிரமை இல்லை: எத்தனால் கலக்காத பெட்ரோலுக்கென்று வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் இ20-ஆல் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. இழந்ததை மீட்க வழி தேடுகிறவரைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. ஆனால் கணக்கைச் சொல்லும் கடமை உண்டு.

அந்த இளைஞரின் செல்லையே எடுத்துக்கொள்வோம். ஏழு தகடுக்கு நடுவே ஆறு அறை. 13.8 வோல்ட்டில் 20 ஆம்ப் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 276 வாட். ஓர் அறையில் ஓர் ஆம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் 0.0376 கிராம் ஹைட்ரஜன் வரும். இது ஃபாரடே வகுத்த விதி. எந்தப் புதுச் சர்க்யூட்டும் இதைத் தாண்டாது. ஆறு அறைக்கும் சேர்த்து மணிக்கு நாலரை கிராம். செலவாகும் தண்ணீர் 40 மில்லி. அந்த நாலரை கிராமின் வெப்பம் சுமார் 17 மில்லி பெட்ரோலின் வெப்பத்துக்குச் சமம்.

இனி செலவுப் பக்கம். ஆல்டர்னேட்டரின் திறன் 60 சதவீதம், இன்ஜினின் திறன் 30 சதவீதம் என்று தாராளமாகவே வைப்போம். 276 வாட் மின்சாரத்துக்கு பெல்ட்டில் 460 வாட் வேண்டும். அந்த 460 வாட்டைத் தர இன்ஜின் சுமார் 1,500 வாட் அளவு எரிபொருளைத் தின்ன வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 170 மில்லி பெட்ரோல். 170 போட்டு 17 எடுக்கிறோம். பத்துக்கு ஒன்று. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கு நான்கு லிட்டர் குடிக்கும். அதில் இந்தச் செல் திருப்பித் தருவது அரை சதவீதம்கூட இல்லை, கேட்பது நான்கு சதவீதத்துக்கு மேல்.

தண்ணீர் எரிபொருள் இல்லையா என்று கேட்பவருக்கு அடுப்பைக் காட்டலாம். ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் மிஞ்சுவதுதான் தண்ணீர்; விறகுக்குச் சாம்பல் போல. சாம்பலை மறுபடி விறகாக்கினால் எரியும், சந்தேகமில்லை. ஆக்குகிற கூலியை யார் தருவது என்பதுதான் கேள்வி. அந்தக் கூலியைத்தான் ஐடிலில் தாழ்ந்த சத்தம் சொல்கிறது.

இதே செல்லைக் கிட்டாக விற்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்தே வேறு வாதத்துக்குப் போவார்கள்: "இது எரிபொருள் இல்லை, பெட்ரோலை முழுசா எரிய வைக்கும் ஊக்கி." ஹைட்ரஜன் சுடர் பெட்ரோல் சுடரைவிடப் பல மடங்கு வேகம் என்பது உண்மை. ஆனால் நல்ல நிலையில் உள்ள இன்ஜெக்ஷன் இன்ஜினில் போகிற பெட்ரோலில் நூற்றுக்கு 95-க்கு மேல் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. நட்டம் போவது எரியாத பெட்ரோலில் இல்லை, ரேடியேட்டரிலும் சைலன்சரிலும் வெப்பமாக. மேலும் 1,200 சிசி இன்ஜின் 2,500 ஆர்பிஎம்மில், பாதி திராட்டிலில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 லிட்டர் காற்று இழுக்கும். செல்லிலிருந்து வருவது ஒன்றேகால், ஒன்றரை லிட்டர். குடத்துப் பாலுக்கு ஒரு கரண்டி உறை போதும் என்பது தயிருக்குச் சரி; சிலிண்டருக்கு இல்லை.

ஹைட்ரஜன் கலந்து மெலிந்த கலவையில் ஓட்டும் ஆராய்ச்சி உண்மையாகவே உண்டு. 1970-களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் செய்தது. 2020-ல் டெல்லியில் 50 சிஎன்ஜி பேருந்துகளில் 18 சதவீதம் ஹைட்ரஜன் கலந்து இந்தியன் ஆயில் சோதனை ஓட்டம் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த இந்தியா எனர்ஜி வீக்கில், இ20 வெளியான அதே மேடையை ஒட்டி, அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜன் இன்ஜின் லாரியைக் காட்டின. இவை எதுவும் தன் ஆல்டர்னேட்டரிலிருந்து தனக்கு வேண்டிய ஹைட்ரஜனைக் காய்ச்சிக்கொள்ளவில்லை. பேருந்துக்கும் லாரிக்கும் அது வெளியிலிருந்து வந்தது. நாசா தன் கருவியில் பெட்ரோலையே உடைத்து எடுத்தது.

பழைய கதைகளும் நமக்குத் தெரிந்தவைதான். 'தண்ணீர்க் கார்' புகழ் ஸ்டான்லி மேயர்மீது 1996-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் முதலீட்டாளர்கள் வழக்குப் போட்டார்கள். நிபுணர்கள் பார்த்தார்கள், சாதாரண மின்பகுப்பு என்றார்கள். பட்டவர்த்தனமான மோசடி என்று நீதிமன்றம் சொல்லி 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. அதே 1996-ல் ராஜபாளையம் அருகே ராமர் பிள்ளையின் மூலிகை பெட்ரோலை நாடே பேசியது. அதுவும் ஆய்வகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்தது. 2012-ல் பாகிஸ்தானில் ஆகா வக்கார் அகமதின் தண்ணீர் கிட்டுக்கு அமைச்சர்கள்வரை கைதட்டினார்கள். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் ஒரு ஜாடி வந்து நிற்கும்.

பிறகு ஏன் பொருத்தியவர்கள் "மைலேஜ் ஏறிடுச்சு" என்று சத்தியம் செய்கிறார்கள்? பொய் சொல்லவில்லை, அளந்த விதம் பிழை. கிட் மாட்டும் அன்று ஏர் ஃபில்டர் மாறுகிறது, பிளக் மாறுகிறது, டயரில் காற்று சரியாகிறது. மறுநாளிலிருந்து ஓட்டுநரின் வலதுகால் பூப்போல மிதிக்கிறது. பங்க்கில் ஆட்டோ கட் ஒரு லிட்டர் முன்னே பின்னே விழுந்தால் 10 லிட்டர் கணக்கில் 10 சதவீதம் தானாக ஏறிவிடும்.

இதுவரை பணக் கணக்கு. இனி உயிர்க் கணக்கு. காற்றில் 4 சதவீதத்திலிருந்து 75 சதவீதம்வரை இருந்தாலும் ஹைட்ரஜன் பற்றும். செல்லிலிருந்து வருவதோ ஆக்சிஜனோடு சரியான விகிதத்தில் முன்கூட்டியே கலந்த வாயு. சட்டையில் உரசிய விரலின் பொறி போதும். இக்னிஷன் ஆனில், இன்ஜின் நின்ற நிலையில், செல் மட்டும் ஓடினால் மேனிஃபோல்டில் வாயு சேரும். அடுத்த செல்ஃப் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காஸ்டிக் பொட்டாஷ் கரைசல் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். அதற்குப் பதில் உப்புப் போட்டால் குளோரின் வரும். சில நாளில் பழுப்பாகும் அந்தத் தண்ணீரில் எஸ்எஸ் தகட்டிலிருந்து கரைந்த குரோமியம் இருக்கும்; அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது.

ஓ2 சென்சாரை ஏமாற்ற விற்கும் சின்னப் பெட்டி இன்னொரு வம்பு. கலவை மெலிந்து, வால்வும் கேட்டலிஸ்ட்டும் சூடேறும். மாதக் கணக்கில் மிச்சம் பிடித்ததைக் கேட்டலிஸ்ட் ஒரே பில்லில் வாங்கிவிடும். சட்டமும் கறார். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சிஎன்ஜி கிட்டுக்கு அங்கீகார வழி உண்டு. இந்த ஜாடிக்கு அது கிடையாது. விபத்தானால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் தேடுவது இதைத்தான். பொருத்தியவர் யார் என்பது அடுத்த கேள்வி.

மெக்கானிக்குகளான நம் பக்கமும் சுத்தமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹீட் ஆகிறது என்று வந்த வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்து அனுப்புகிறோம். அந்த இன்ஜின் சூடேறாமல், காலமெல்லாம் குளிர்ந்த கணக்கிலேயே பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது. பிடித்துக்கொண்டிருக்கும் காலிப்பரைக் கவனிக்காமல் விடுகிறோம். வாடிக்கையாளர் ஜாடியைத் தேடிப் போவதற்கு முன், நாம் தரவேண்டிய மைலேஜைத் தந்துவிட்டோமா?

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, இந்த கிட்டை விற்காதீர்கள், பொருத்தித் தராதீர்கள்; நீங்கள் மாட்டாவிட்டால் வேறொருவர் மாட்டுவார் என்பது சமாதானமாகாது. இரண்டு, மைலேஜ் புகாரோடு வரும் வண்டிக்கு டயர், பிரேக், தெர்மோஸ்டாட், ஃபியூயல் ட்ரிம் நான்கையும் முதலில் பாருங்கள். மூன்று, ஏற்கெனவே மாட்டியவர் வந்தால் செல்லையும் ஹோஸையும் கழற்றி வைத்துவிட்டு அளந்து காட்டுங்கள். 20 ஆம்ப் இழுக்கும் பல்புகளைச் செல்லுக்குப் பதிலாக அந்த ஒயரில் மாட்டினால் போதும். போட்டும் அணைத்தும் மாறி மாறி, அதே ரோடு, அதே பங்க், அதே நாசில். ஓட்டுகிறவருக்குச் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தெரியக் கூடாது. அந்தச் சுமைக்கு எவ்வளவு பெட்ரோல் போகிறது என்பது மாட்டியவருக்கே கண்கூடாகத் தெரியும்.

ஜிகணிப் பட்டறையில் நண்பரும் அதைத்தான் செய்தார். செல்லைக் கழற்றினார். அந்த ஒயரில் நாலைந்து ஹாலோஜன் பல்புகளைக் கோர்த்தார். கிளாம்ப் மீட்டரை இளைஞரின் கையிலேயே கொடுத்து, ஒயரைச் சுற்றிப் பிடிக்கச் சொல்லி, சுவிட்சைப் போட்டார். மீட்டர் 20-ஐத் தொட்டது. இன்ஜின் சத்தம் ஒரு நொடி தாழ்ந்து எழுந்தது. அணைத்தார். போட்டார். மறுபடி தாழ்ந்தது. நான்காவது தடவை இளைஞர் மீட்டரைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தார்.

"இன்னொரு தடவை போடுங்க சார்," என்றார்.